தாராவும் துவக்கும்

கச்சான் காற்று ஓய்ந்து வாடை எழுகின்ற நாட்களில் திருக்கோணமலை மாவட்டத்துக் குளக்கட்டுகளின்மேல் நடப்போர், வெறுமனே கிடந்த நீர்ப்பரப்பு ஒரே வாரத்தில் உயிர் பெற்று விட்டதைக் காண்பர். ஐப்பசி மழையால் கந்தளாய்க் குளம் நிரம்பத் தொடங்கும். தம்பலகாமத்து வயல்களிலே பெரும்போகத்துக்கான உழவு நடைபெறும். அவ்வேளையிலேதான் வடதிசையிலிருந்து ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகிகளும் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. சைபீரியாவின் சதுப்பு நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே நீர் உறைந்து பாறையாகுமுன் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் இப்பறவைகளுக்கு இலங்கைத் தீவே பயணத்தின் கடைசித் தரிப்பு. இதற்குத் தெற்கே நெடுந்தூரத்துக்குக் கடலன்றி வேறில்லை.

இவை வந்து சேர்வதற்கு முன்னரே, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் தாராக்களும் உண்டு. அவற்றுள் எண்ணிக்கையால் முதன்மையானது சீழ்க்கைத் தாரா. கபில நிறமும் நீண்ட கழுத்தும் உடைய இப்பறவை பறக்கும்போது சீழ்க்கையடிப்பது போல ஒலியெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. (இலங்கைத் தமிழர் தாரா என்பதைத் தமிழகத்தார் வாத்து என்பர், பெயர்தான் வேறு, பறவை ஒன்றே.) பகலெல்லாம் குளத்து நீரிலே கூட்டமாக ஒதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்தபின் வயல்களை நாடிப் பறப்பது இதன் வழக்கம். மரப்பொந்திலோ புல் அடர்ந்த நிலத்திலோ பெரும்பாலும் ஏழு முதல் பன்னிரண்டு வரையான முட்டைகளை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும்.

வேட்டைக்காரர் நன்கு அறிந்த இன்னொரு வழக்கமும் இதற்கு உண்டு. அச்சமுற்றுக் கிளம்பும் சீழ்க்கைத் தாராக் கூட்டம் உடனே தொலைதூரம் ஓடிப் போவதில்லை. சீழ்க்கையடித்தபடி, தான் எழுந்த அதே நீரின்மேல் மீண்டும் மீண்டும் வட்டமிடும். இரட்டைக் குழல் துவக்கு வைத்திருப்பவனுக்கு இரண்டாவது குழலை வெடிக்க இதைவிட வேறு வாய்ப்பு வேண்டியதில்லை. அறிவுள்ள பறவை ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்பார் இருக்கலாம். அது உலகில் தோன்றிய காலத்தில் துவக்கு இருக்கவில்லை என்பதே விடை.

தாராவைப் பற்றிப் பேசும்போது அதன் பெரிய உறவினமாகிய காட்டு வாத்தையும் விட்டுவிட முடியாது. மேலைநாட்டு வேட்டைச் சட்டங்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சிலே குறிப்பிடும். இலங்கையிலோ அந்தப் பெரிய வாத்து அரிய விருந்தாளி. தலையிலே இரு கரிய வரிகளையுடைய வரித்தலை வாத்து திபெத்திலும் மொங்கோலியாவிலும் இனம்பெருக்கி, இமயமலையைக் கடந்து இந்தியாவுக்கு வருவது. தமிழகத்தின் தென்கோடியில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை ஆண்டுதோறும் வந்து போகும் அது, பாக்கு நீரிணையைத் தாண்டுவது எப்போதோ ஒருமுறைதான். புறநானூற்றிலே பிசிராந்தையார் தென்குமரியிலிருந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, வழியிலே கோப்பெருஞ்சோழனின் தலைநகரில் தங்கிச் செல்லுமாறு பாடினார். அந்த அன்னம் இந்த வரித்தலை வாத்தே என்று கருதுவோர் உளர். அது எப்பறவையாயினும் ஆகுக. பருவந்தோறும் பறவைகள் தெற்கும் வடக்குமாகச் செல்லும் என்ற உண்மையைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார் என்பதே போதும்.

இனி, இப்பறவைகளின்மீது கைவைக்கும் உரிமை எவருக்கு உண்டு என்ற வினாவுக்கு வருவோம். இவ்வினா புதியதன்று. பொலன்னறுவையிலிருந்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லனின் கல்வெட்டொன்று அனுராதபுரத்தில் உருவன்வெலிசாயவின் அருகே உள்ளது. அனுராதபுரத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பில் உயிர்களைக் கொல்லலாகாது என்றும், பெருங்குளங்களிலுள்ள மீன்களுக்கு அபயம் அளிக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. அதிலே கருத்தூன்ற வேண்டிய செய்தி மற்றொன்று. பறவை பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த கம்போடி என்ற கூட்டத்தாருக்கு அம்மன்னன் பொன்னும் ஆடையும் அவர்கள் வேண்டிய பொருளும் அளித்து, அதன்பின்னரே, இனிப் பறவை பிடிக்கலாகாது என்று கட்டளையிட்டான். வெறும் தடையோடு நின்றுவிடவில்லை. தடையினால் வயிறு காய்வோர் யார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறான். அதே மன்னனின் கல்லாசனக் கல்வெட்டொன்று திருக்கோணமலை மாவட்டத்துக் கந்தளாயிலும் கிடைத்துள்ளது. தன்னைத் தானே மிகுதியாகப் புகழ்ந்துகொள்ளும் அரசன் அவன் என்று வரலாற்றாசிரியர் குறை சொல்வதுண்டு. பறவைகளின் பொருட்டு அந்தக் குறையைப் பொறுத்துக் கொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பாதியில் வேட்டைக்கு எல்லை என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. யானைகளையே நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்திப் பெருமை பேசிய காலம் அது. மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளுக்குமேல் கொன்றவர் என்பர். அவர் 1845இல் ஊவாவிலே இடி விழுந்து இறந்தார். யானைக்கே அந்தக் கதியென்றால், தாராவை எண்ணியவர் யார்? நிலாவெளிக் கரைக்கு அப்பால் கடலிலே நிற்கும் புறாத்தீவு, மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் அப்பெயர் பெற்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அதனையே துவக்குச் சுட்டுப் பழகும் இடமாகப் பயன்படுத்தினார்கள். இலங்கைப் பறவைகளைப் பற்றிய முதற் பெருநூலை 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட வின்சென்ற் லெக், திருக்கோணமலையிலும் பணிபுரிந்த பீரங்கிப் படை அலுவலர். அக்காலத்துப் பறவை ஆராய்ச்சியாளர் எல்லோரையும் போல அவரும் பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்த்தே எழுதினார். இன்று இம்மாவட்டத்துப் பறவைகளின் பழைய நிலையை அறிய வேண்டுமானால் அந்நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

வேட்டை விலங்குகள் வீணே அழிக்கப்படுவதைத் தடுக்க முதற் சட்டம் 1872இல் பிறந்தது. 1894இல் வேட்டைப் பிராணிகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியருமே. வேட்டையாட விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற கவலை அவர்களை ஒன்று சேர்த்தது என்று கொள்வது தவறாகாது. ஆயினும் நோக்கம் எதுவாயினும் விளைவு நல்லதாயிற்று. 1909இல் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சட்டமும், 1937இல் இன்றுவரை அடிப்படையாக நிற்கும் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவது சட்டம் 1938 மார்ச் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை நிறைவேற்றவென 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் காப்பாளராகப் பொறுப்பேற்றவர் சி. டபிள்யூ. நிக்கலஸ். பண்டைய இலங்கையின் ஊர்களையும் குளங்களையும் கல்வெட்டுகளின் துணைகொண்டு இடங்கண்டு எழுதிய வரலாற்றறிஞரும் அவரே. குளத்தின் வரலாற்றை அறிந்தவர் குளத்துப் பறவைக்குக் காவலரானது பொருத்தமான நியமனம்.

அச்சட்டம் 1964, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அனுமதிச் சீட்டுப் பெற்று, விலக்கப்பட்ட பருவத்தை ஒதுக்கி, வேட்டையாடலாம் என்றிருந்த பழைய வாயில் காலப்போக்கில் சிறுத்துச் சிறுத்து அடைபட்டது. 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டங்களையும் பன்மடங்கு உயர்த்தியது. இப்போதுள்ள நிலையைச் சுருங்கச் சொல்வதாயின், ஒரு சிறிய அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்ட சில பறவைகளைத் தவிர, நாட்டிலுள்ள பறவைகள் யாவும் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. ஊர்த்தாரா, வந்த தாரா என்ற வேறுபாடு அங்கில்லை. சீழ்க்கைத் தாராவும் ஊசிவால் தாராவும் நீலச்சிறகியும் ஒருங்கே அக்காவலுக்கு உட்பட்டவை.

சுடுவது மட்டுமே குற்றம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கண்ணி வைத்துப் பிடிப்பதும் வலை கட்டுவதும் குற்றம். முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். பிறர் கொன்ற பறவையை விற்பதும், விலைக்குப் பரப்பி வைப்பதும், அதன் உடலையோ உடற்பகுதியையோ தம் வசம் வைத்திருப்பதும் குற்றமே. ஆகவே, துவக்கையே தொட்டறியாத ஒருவர், வாசலில் கொண்டுவந்து தரப்பட்ட இரண்டு தாராக்களைக் காசு கொடுத்து வாங்கிக் கறிச் சட்டியில் இட்ட மாத்திரத்தில் சட்டத்தின் முன் நிற்கத்தக்கவர் ஆகிவிடுகிறார். சந்தையிலே கேள்வி கேளாமல் வாங்குபவர் இருக்குமட்டும், இருட்டிலே சுடுபவனுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வேட்டைக்காரனைப் பற்றிப் பேசும் ஊர், வாங்கியவரைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் பெரும்பாலும் ஊரிலே மதிப்புள்ளவராக இருப்பது அதற்குக் காரணமாகலாம்.

துவக்கைப் பற்றியும் ஒரு சொல். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பயிர்க் காவலுக்கென்று அவ்வாறு துவக்கு பெற்ற கமக்காரர் பலர். துவக்குக்கு உத்தரவு கிடைத்தது வேட்டைக்கு உத்தரவு கிடைத்ததாகாது என்பதை மனத்திலிருத்த வேண்டும். கையிலிருக்கும் கருவி சட்டபூர்வமானதாக இருக்க, அதனாற் செய்யும் செயல் சட்டவிரோதமானதாக இருக்கலாம். இடியன் துவக்கு எனப்படும் நாட்டுத் துவக்குகளிலோ உத்தரவின்றி இருப்பவை பல. அவற்றைக் கையாள்வோருக்கு இரண்டு சட்டங்களும் ஒரே வேளையிற் குறுக்கே வரும்.

திருக்கோணமலை மாவட்டத்திலே சட்டத்தின் காவல் மேலும் இறுகிய இடங்கள் சில உள்ளன. வடக்கெல்லையில், முல்லைத்தீவு மாவட்டத்தோடு பகிர்ந்து கிடக்கும் கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெயரிலே கொக்கைச் சுமந்து நிற்கும் ஊர் அது. அருகிலுள்ள கொக்குத்தொடுவாயும் அவ்வாறே. பறவை வேண்டாத இடத்துக்கு முன்னோர் இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தின் உள்ளே கிடக்கும் பெரிய சோபர் தீவும் சிறிய சோபர் தீவும் 1963இல் சரணாலயங்களாயின. புறாத்தீவும் அவ்வாண்டிலேயே சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. துவக்குப் பழகிய இடமே பறவைக்குப் புகலிடமாயிற்று. தெற்கே சேருவில - அல்லைச் சரணாலயம் 1970இல் தோன்றியது.

சரணாலயம் என்ற சொல்லின் சட்டப் பொருளைத் தெளிவாக விளங்கிக் கொள்ளாமையால் வீண் அச்சமும் வீண் துணிச்சலும் இருபுறமும் எழுகின்றன. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிப் புகவே முடியாது. சரணாலயம் அப்படியன்று. அதன் எல்லைக்குள் தனியார் காணி இருக்கலாம், குடியிருப்பு இருக்கலாம், வயல் விதைக்கலாம். ஆனால் அக்காணி எவருடையதாயினும், அதிலுள்ள காட்டுயிரைக் கொல்லவோ பிடிக்கவோ, கூட்டையும் முட்டையையும் அழிக்கவோ எவருக்கும் உரிமையில்லை. என் காணி, என் குளம், என் மரம் என்று சொல்லலாம். அம்மரத்திலிருக்கும் பறவையை என் பறவை என்று சொல்ல முடியாது. காணி உறுதியிலே பறவையை எழுதிக் கொடுத்தவர் எவருமில்லர்.

இவ்வளவும் சட்டத்தின் பக்கம். இனி, சட்டத்தால் இடர்ப்படுவோர் பக்கத்தையும் கேட்டல் நீதி.

தம்பலகாமத்திலே ஐந்து ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கடன்பட்டு விதைநெல் வாங்கி, ஊறவைத்து, முளை கட்டி, சேற்றிலே எறிந்திருக்கிறார். முதல் சில நாட்களில் முளைநெல் சேற்றின்மேல் வெளிப்படக் கிடக்கும். வயலின் பள்ளமான மூலைகளிலே நீர் தேங்கி நிற்கும். இரவு ஒன்பது மணிக்குமேல் சீழ்க்கையொலி கேட்கும்; விடியற்காலையிற் சென்று பார்த்தால் அந்த மூலைகள் வெறுஞ்சேறாக இருக்கும். தின்றது பாதி, கூட்டமாக உழக்கி அமிழ்த்தியது பாதி. மறுவிதைப்புக்கு நெல் வேண்டும், கூலி வேண்டும். அதற்குள் அயல் வயல்களிலே பயிர் எழும்பிவிடும். இவர் பரணிலே துவக்கு இருக்கிறது. சட்டம் அதனைத் தொடாதே என்கிறது. சைபீரியாவைப் பற்றியும் சங்கப் பாடலைப் பற்றியும் இவரிடம் பேசிப் பயனில்லை. இவருடைய இழப்பு உண்மையானது. அதனை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்ற மனக்குறையும் உண்மையானது. யானை மிதித்த வயலைப் பார்க்க அதிகாரிகள் வருவதுண்டு. தாரா மேய்ந்த மூலையைப் பார்க்க வருவார் அரியர்.

வெருகல் முதல் வாகரை வரையான கரையோரத்திலே வாழும் வேடர் வழித்தோன்றல்களின் நிலை மற்றொன்று. தேனெடுத்தும் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த முன்னோரின் மக்கள் அவர்கள். கொழும்பிலே எழுதப்பட்ட சட்டம் ஒரு நாளிலே அவர்களுடைய பாட்டன் தொழிலைக் குற்றமாக்கியபோது எவரும் அவர்களைக் கேட்டதில்லை; நிசங்கமல்லன் கம்போடியருக்குக் கொடுத்ததைப் போலப் பொன்னும் ஆடையும் கொடுத்ததுமில்லை. பாட்டன் வேட்டைக்கும் இன்றைய வேட்டைக்கும் பேதம் உண்டுதான். வில்லும் கண்ணியும் கொண்டு வீட்டுக்கு ஒரு பறவை எடுத்தது அது. மின்சூள் அடித்துத் தோட்டாவால் ஒரு கூட்டத்தையே கலக்கிச் சந்தைக்கு அனுப்புவது இது. அந்தப் பேதத்தை ஏற்றுக் கொண்டாலும் முன்னதன் நியாயம் முற்றாக மறைந்துவிடாது.

அப்படியாயின் அளவோடு வேட்டையாட இடங்கொடுத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. அளவோடு இடங்கொடுத்திருக்கும் நாடுகளும் உண்டு. வட அமெரிக்காவை எடுத்துக் கொள்வோம். ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்த பயணிப் புறா சந்தைக்கென வேட்டையாடப்பட்டு, கடைசிப் பறவை 1914 செப்டெம்பர் முதலாந் தேதி சின்சினாற்றி நகர விலங்குச் சாலையில் இறந்தது. படகிலே பொருத்திய பெருந்துவக்குகளால் ஒரே வெடியில் பல பத்துத் தாராக்களை வீழ்த்திப் பீப்பாய்களில் அடைத்து நகரங்களுக்கு அனுப்பிய காலம் அது. அந்த இழப்பு கண்ணைத் திறந்தது. கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் 1916இல் உடன்படிக்கை செய்துகொண்டன. 1918இல் அது அமெரிக்காவிலே சட்டமாயிற்று. பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது, ஆகவே ஒரு நாடு மட்டும் காத்துப் பயனில்லை என்பதே அதன் அடிப்படை. இன்று அங்கே தாராவும் காட்டு வாத்தும் வேட்டையாடலாம். ஆனால் பருவம் குறித்திருக்கிறது, நாளொன்றுக்கு எந்த இனத்தில் எத்தனை என்று குறித்திருக்கிறது. 1934 முதல் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தாரா முத்திரை ஒன்றை வாங்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு டொலர் விலையான அம்முத்திரையின் வருமானம் சதுப்பு நிலங்களைக் காப்பதற்கே செல்கிறது. ஈயக் குண்டுகளை நீரிலே சிதறினால் தாராக்கள் அவற்றைக் கூழாங்கல் என்றெண்ணி விழுங்கி நஞ்சேறி மடிகின்றன என்று கண்டு, 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டையே நாடு முழுவதும் விலக்கினார்கள். ஈயம் தைத்த இறைச்சி மனிதருக்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கும் கேடானது. தாராக் கறியை மருந்தென்று பிள்ளைக்கு ஊட்டும் தாய்மார் இதை அறிவது நல்லது.

ஆனால் அந்த ஏற்பாட்டின் பின்னால் நிற்கும் இயந்திரத்தை எண்ணுக. ஒவ்வோராண்டும் பறவைக் கணக்கெடுத்து, அதற்கேற்ப எல்லை வகுத்து, வேட்டைக்காரனின் பையைச் சோதிக்க அலுவலரை அமர்த்தி நடத்தும் ஏற்பாடு அது. இலங்கை போன்ற சிறு நாட்டிலே, களப்பும் கண்டற்காடும் குளமும் வயலும் நெருங்கிப் பின்னிக் கிடக்கும் மாவட்டத்திலே, அந்தி மங்கலில் எழும் கலப்புக் கூட்டத்தில் எது நீலச்சிறகி, எது சீழ்க்கைத் தாரா என்று சுடுபவனாலும் சொல்ல முடியாது. ஐந்து மட்டும் என்ற சட்டத்தை இருட்டிலே எண்ணிப் பார்ப்பவர் யார்? ஒன்றும் வேண்டாம் என்ற சட்டமாயின் எண்ணவே வேண்டியதில்லை. துவக்கொலி கேட்டாலே போதும். முழுத்தடை கடுமையானதாகத் தோன்றினும், குறைந்த ஆளோடு நடத்தக்கூடிய சட்டம் அதுவே. அதைவிட, இந்தப் பறவைகள் இலங்கைக்கு மட்டும் உரியவையுமல்ல. நீர்நிலைகளைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையில் இலங்கை 1990இல் சேர்ந்தது. புந்தலையில் தொடங்கி 2013ஆம் ஆண்டுக்குள் ஆறு ஈரநிலங்கள் அதன் பட்டியலில் ஏறின. மன்னார் வங்காலையும் கிழக்கிலே குமணையும் அவற்றுள் அடங்கும். பிற நாட்டிலே குஞ்சு பொரித்த பறவையை இங்கே உயிரோடு வைத்துத் திருப்பி அனுப்புவோம் என்று கொடுத்த வாக்கு அது.

சட்டம் நிற்பது அலுவலரால் மட்டுமன்று என்பதற்குத் தமிழகத்து வேடந்தாங்கல் சான்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவ்வூர்க் கமக்காரர் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுடத் தொடங்கியபோது ஊரார் திரண்டு சென்று முறையிட்டனர் என்றும், செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் அவர்களுக்கு அளித்தார் என்றும் சொல்லப்படுகிறது. அங்கே சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களே ஊரவர்கள்; ஆகவே அதைக் காத்தவர்களும் அவர்களே. திருக்கோணமலையிலும் அதற்கொத்த காட்சி ஒன்றுண்டு. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள், புள்ளிமான்கள் அடியார்களுக்கு நடுவே அஞ்சாமல் நடமாடுகின்றன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நாள்தோறும் போய்வரும் பாதை அது. அம்மான்களுக்கு உள்ள காவல் சட்டப் புத்தகத்தால் வந்ததென்று எவரும் சொல்லார்.

குளத்துத் தாராவுக்கு அந்தக் காவல் கிடையாது. அது இருட்டிலே, ஆளில்லா நீரின்மேல், கண்காணிப்பு அலுவலகத்துக்குப் பல மைல் தொலைவிலே இருக்கிறது. துவக்கொலி கேட்ட ஊரவர் அயலவனைக் காட்டிக் கொடுக்கத் தயங்குகின்றனர். அத்தயக்கம் இயல்பே, ஒரே கோயிலுக்கும் ஒரே பள்ளிவாசலுக்கும் போகும் மனிதர். ஆயினும் நீதவான் முன் வழக்கு நிற்பது சாட்சியால் அன்றோ. சாட்சி வராத ஊரிலே சட்டம் வர்த்தமானித் தாளோடு நின்றுவிடுகிறது. சிலர் துவக்கின் ஒலியையும் தவிர்க்க நினைத்து நெல்லிலே கிருமிநாசினி கலந்து இறைக்கும் கொடிய வழியை நாடுகின்றனர். அப்படிச் செத்த பறவை சந்தைக்குப் போனால் அதை உண்டவரின் கதி என்ன? அந்த நீரிலே மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். இச்செயலைக் கண்டும் அயலவன் என்று பொறுப்பது அயலன்பு ஆகாது. பொலிசாருக்கோ வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டிய செயல் இது.

மீண்டும் தம்பலகாமத்துக் கமக்காரரிடம் வருவோம். அவருக்கு வழியே இல்லை என்பதன்று. எறிவிதைப்பை விட நாற்று நடுகையில் தாராவினால் வரும் சேதம் மிகக் குறைவு. ஆனால் கூலி மிகுதி. அது இயலாதாயின், வயலை நன்கு மட்டப்படுத்திப் பள்ள மூலைகளில் நீர் தேங்காமல் வடித்துவிடுவது பாதிக் காவல், ஏனெனில் தாரா நீரைத் தேடியே இறங்குகிறது. முளைநெல் வேரூன்றும் அந்தச் சில இரவுகளுக்குப் பந்தமும் தகர ஒலியும் போதும். பின்னர் அதற்கு வயலில் வேலையில்லை. எல்லாவற்றிலும் மேலானது ஒரே காலத்தில் விதைப்பது. வெளி முழுவதும் ஒரே வாரத்தில் விதைக்கப்பட்டால் மேய்ச்சல் எல்லா வயலிலும் சிறிது சிறிதாகப் பரவி, எவருக்கும் பேரிழப்பாகாது. முன்னும் பின்னுமாகத் தனித்து விதைத்தவரின் வயலிலேதான் கூட்டம் முழுவதும் இறங்கும்.

ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதன்று இது. போகந்தோறும் விதைப்புக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எந்நாளில் குளத்து நீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது என்று கமக்காரரும் அலுவலரும் ஒருங்கிருந்து அங்கே முடிவு செய்கின்றனர். கட்டாக்காலி மாட்டைப் பற்றி அக்கூட்டத்திலே பேசப்படுகிறது. யானையைப் பற்றிப் பேசப்படுகிறது. தாராவைப் பற்றிய பேச்சையும் ஒரு விடயமாக எடுத்து, வனசீவராசிகள் அலுவலர் ஒருவரை அழைத்து, சென்ற போகத்தில் எந்தெந்த வெளியில் எவ்வளவு அழிந்தது என்று அவர் முன்னிலையிலேயே எழுதிக் கொள்ளலாம். அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறது.